“அண்ணாச்சி, ஜிபே இருக்கா?”

2020 ஏப்ரலில் ரூபாய் நோட்டு வெயில் காய்ந்தது. வாசலில் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் வைத்திருந்த வீடுகளில், கடைக்குப் போய் வந்தவர் மீதிப் பணத்தை மொட்டைமாடியில் பரப்பி, பறந்துவிடாமல் மேலே கல் வைத்தார். சிலர் நோட்டுக்கு இஸ்திரி போட்டார்கள். சிலர் சானிடைசர் தெளித்துத் துடைத்தார்கள். பலசரக்குக் கடைகளில் கல்லாவுக்கு முன்னால் ஒரு தட்டு வந்தது. “காசை இதுல போடுங்க” என்று கடைக்காரர் இரண்டடி தள்ளியே நின்றார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருக்களும் இதற்கு விலக்கில்லை.

இன்று அதே கடைகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய க்யூஆர் அட்டை ஒன்று எடைத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பூக்கடையில், இளநீர் வண்டியில், வடை போடும் தள்ளுவண்டியில்கூட அட்டை உண்டு. “கொரோனா பயத்துலதான் எல்லாரும் ஜிபேக்கு மாறினாங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நோட்டில் கிருமி இருக்கும், போனில் இருக்காது, அதனால் மாறினார்கள் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. கணக்கை எடுத்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகப் பொருந்தவில்லை.

2020 மார்ச்சில் நாடு முழுவதும், ஜிபே போன்ற ஆப்கள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் யுபிஐ வழியே நடந்த பரிவர்த்தனைகள் 124 கோடியைத் தாண்டின. நோட்டைத் தொடவே மக்கள் அஞ்சிய ஏப்ரலில் அந்த எண்ணிக்கை ஏறவில்லை, 100 கோடிக்குச் சற்றுக் கீழே இறங்கியது. கடைகள் திறக்கத் தொடங்கிய ஜூனில் 133 கோடி. பஸ்கள் ஓடி, கோயில்கள் திறந்து, தீபாவளி நெருங்கிய அக்டோபரில் 207 கோடி. பயம் உச்சத்தில் இருந்தபோது குறைந்து, பயம் தணியத் தணியக் கூடிய கணக்கு இது.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே 2020-21 நிதியாண்டில் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு 16.8 சதவீதம் உயர்ந்தது என்கிறது ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தால் என்ன செய்வது என்ற கவலையில், ஏடிஎம்மில் பணம் எடுத்து பீரோவில் வைத்தவர்கள் நாம். நோட்டைக் கண்டு பயந்த அதே மனிதர், நோட்டு இல்லாமல் போய்விடுமோ என்றும் பயந்தார்.

ஆக, பயத்துக்குப் பங்கு உண்டு, முழுப் பங்கும் அதற்குக் கிடையாது. ஜிபேயைக் கையில் எடுக்க வைத்தவர்கள் பக்கத்தில் இருந்த மனிதர்கள் என்பது என் முடிவு. கல்லூரி மூடியதால் வீட்டில் இருந்த மகள், சென்னையிலிருந்து லேப்டாப்போடு ஊர் வந்து சேர்ந்த மகன், “சில்லறை இல்ல, ஸ்கேன் பண்ணிடுங்க” என்ற கடைக்கார அண்ணாச்சி. அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாதவர்கள் அன்றும் வெளியே நின்றார்கள், இன்றும் நிற்கிறார்கள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

நோட்டில் ஒட்டிய பயம்

பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2020 பிப்ரவரியில் சீனாவின் மத்திய வங்கி, வங்கிகளுக்கு வந்த நோட்டுகளைப் புற ஊதாக் கதிராலும் வெப்பத்தாலும் சுத்தம் செய்து, 14 நாள் வரை தனியே வைத்திருந்து வெளியே விட்டது. ஆசியாவிலிருந்து திரும்பிய டாலர் நோட்டுகளை அமெரிக்க மத்திய வங்கியும் சில நாள் ஒதுக்கி வைத்தது. மார்ச் தொடக்கத்தில், நோட்டைப் பயன்படுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்ததாக ஒரு செய்தி கிளம்பியது. அப்படிச் சொல்லவில்லை, பணத்தைத் தொட்டால் கையைக் கழுவுங்கள் என்பதே எங்கள் யோசனை என்று அந்த நிறுவனம் விளக்கம் தந்தது. விளக்கத்தை விடச் செய்திதான் வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றியது. டிஜிட்டலில் பணம் செலுத்துங்கள் என்று ரிசர்வ் வங்கியும் மார்ச் மாதத்திலேயே மக்களைக் கேட்டுக்கொண்டது. பின்னர் 2021இல் ஐரோப்பிய மத்திய வங்கியும் ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வில், நோட்டு, நாணயம் வழியே தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரிந்தது.

அந்த ஆய்வுக்காக நம் ஊர் காத்திருக்கவில்லை. மாஸ்க் தாடைக்கு இறங்கியபோதே நோட்டுப் பயமும் இறங்கிவிட்டது. விரலில் எச்சில் தொட்டு நோட்டு எண்ணும் பழக்கம் அடுத்த வருஷமே திரும்பி வந்தது. ஜிபே மட்டும் திரும்பிப் போகவில்லை. 2019-20இல் ஏறத்தாழ 1,250 கோடியாக இருந்த யுபிஐ பரிவர்த்தனைகள் 2020-21இல் 2,230 கோடியைத் தாண்டின. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடியைத் தாண்டின. வந்த காரணம் ஒன்று, தங்கிய காரணம் வேறு.

முன்பே போட்டிருந்த பாதை

2016 ஏப்ரல் 11 அன்று அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் யுபிஐயைத் தொடங்கி வைத்தபோது அது பத்திரிகைகளின் வணிகப் பக்கத்துச் செய்தி. ஏழு மாதம் கழித்து, நவம்பர் 8 இரவில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. வங்கி வாசலில் கால் கடுக்க நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போதே பலர் போனில் பணம் அனுப்பிப் பார்த்தார்கள். புது நோட்டு வந்ததும் பழையபடி கையில் பணத்துக்குத் திரும்பியவர்களும் உண்டு.

ஆனால் எல்லோரும் திரும்பவில்லை. பணமதிப்பு நீக்கத்தை வைத்து நிக்கோலா குரூசே, அபூர்வ் குப்தா, ஃபிலிப்போ மெஸானோட்டி என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். நோட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த மாவட்டங்களில் மின்னணுப் பணப்பைக்கு மாறிய கடைகள், நோட்டு மீண்டும் புழங்கத் தொடங்கிய பிறகும் அதைக் கைவிடவில்லை. ஒரு தெருவில் நாலு கடை போனில் பணம் வாங்கினால், அந்தத் தெருவுக்கு வருகிறவர் போனில் பணம் வைத்துக்கொள்வார். அவர் வைத்திருப்பதைப் பார்த்து ஐந்தாவது கடையும் வாங்கும். நெருக்கடி தற்காலிகம், அது கூட்டிவைத்த கூட்டம் கலைவதில்லை. 2020இல் நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

ராஜபாளையத்துக்கு வேறொரு பாதையும் இருந்தது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து வளர்ந்தது இந்த நூற்பாலை ஊர். 2017இல் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் திருத்தப்பட்டது. தொழிலாளியிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்காமலே சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடலாம் என்றானது. சம்பளக் கவர் போய் ஏடிஎம் அட்டை வந்த வீடுகளில், பணம் முதலில் வங்கியில்தான் இருக்கிறது. அதை எடுக்க வரிசையில் நிற்பதா, இருந்த இடத்திலிருந்தே செலவழிப்பதா என்ற கேள்வி ஊரடங்கில் தானாக எழுந்தது.

இளைஞர்கள் போனில் ஜிபே அதற்கு முன்பே இருந்தது. 2019 தீபாவளி நினைவிருக்கிறதா? கூகுள் பேயில் விளக்கு, ஜிமிக்கி, பூ, லாந்தர், ரங்கோலி என ஐந்து முத்திரைகளையும் சேர்த்தால் 251 ரூபாய் என்றார்கள். ரங்கோலி மட்டும் யாருக்கும் கிடைக்காமல், “உன்கிட்ட ரங்கோலி இருக்கா?” என்று கல்லூரிப் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்டுத் திரிந்தார்கள். பரிசு எத்தனை பேருக்குக் கிடைத்ததோ, ஆப் போனில் தங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகள்தான் ஐந்தே மாதத்தில் ஊரடங்கில் வீட்டோடு இருந்தார்கள்.

வீட்டுக்குள் நடந்த பாடம்

ஊரடங்கு, வெளியூர் போயிருந்த ஒரு தலைமுறையையே ஊருக்குத் திருப்பி அனுப்பியது. சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலையில் இருந்தவர்கள் வீட்டுத் திண்ணையையும் மாடி அறையையும் அலுவலகமாக்கினார்கள். நகரத்தில் ஆட்டோவுக்கும் டீக்கும் போனிலேயே பணம் கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். ஊர்க் கடையில் போய் நின்று அவர்கள் கேட்ட முதல் கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. இல்லை என்று நாலு முறை சொன்ன அண்ணாச்சி ஐந்தாவது முறை தன் மகனைக் கூப்பிட்டார்.

அதே நேரத்தில் இன்னொரு போனும் வீட்டுக்குள் வந்தது. பள்ளிகள் மூடி, ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது, பட்டன் போன் மட்டுமே இருந்த வீடுகளும் கடன் வாங்கியாவது ஸ்மார்ட்போன் வாங்கின. நகையை அடகு வைத்து வாங்கியவர்கள் உண்டு. பணம் அனுப்புவதற்காக யாரும் அந்தப் போனை வாங்கவில்லை, பிள்ளை படிப்பதற்காக வாங்கினார்கள். காலையில் கணக்குப் பாடம், மத்தியானம் யூடியூப், சாயங்காலம் அம்மாவுக்கு ஜிபே. அரசு விளம்பரமும் வங்கி முகாமும் பல வருஷமாகச் செய்ய முடியாததை இந்த வழி செய்தது.

அந்தப் பாடம் எப்படி நடக்கும் என்று கவனித்தவர்களுக்குத் தெரியும். மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாள்: “அம்மா, பேங்க்ல எந்த நம்பர் குடுத்திருக்க?” முதல் சிக்கலே இதுதான். வங்கியில் கொடுத்த நம்பர் அப்பாவுடையதாக இருக்கும், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன பழைய சிம்மாக இருக்கும். நம்பர் சரியாக இருந்தால் போன் தானே வங்கிக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிக் கணக்கைத் தேடி எடுக்கும். அடுத்து ஏடிஎம் அட்டை வேண்டும். கடைசி ஆறு எண்கள், காலாவதித் தேதி. அட்டை சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறதா, பீரோவில் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஓடிபி வரும். பின் நம்பர் போட வேண்டும். கல்யாண நாளா, பிறந்த நாளா என்று யோசித்து ஒன்றை முடிவு செய்வார்கள். எல்லாம் முடிந்ததும் மகள் சொல்வாள்: “எனக்கு ஒரு ரூபா அனுப்பு.”

அந்த ஒரு ரூபாய் முக்கியம். அம்மாவின் விரல் பின் நம்பரை ஒவ்வொன்றாகத் தொடுகிறது. திரை சுற்றுகிறது. பச்சை டிக் விழுகிறது, பக்கத்தில் மகளின் போன் சிணுங்குகிறது. பணம் போன இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வருகிறது. “போயிருச்சா? கூடப் போயிறலயே?” போனால் என்ன, போன இடம் மகள்தானே. நஷ்டத்துக்கு இடமில்லாத அந்த முதல் பரிவர்த்தனைக்குப் பிறகு, பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கக் கை நடுங்காது.

இதை ஆராய்ச்சியாளர்கள் வெகு காலமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். புதிய தொழில்நுட்பத்தை மனிதர் ஏற்பது இரண்டு காரணங்களால் என்று 1989இல் ஃப்ரெட் டேவிஸ் எழுதினார்: அது தனக்குப் பயன்படும் என்ற எண்ணம், அது சுலபமாக இருக்கும் என்ற எண்ணம். 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸும் மற்ற இருவரும் அதை விரித்து எழுதியபோது, சுற்றியிருப்பவர்களின் தாக்கமும், உதவிக்கு ஆளும் வசதியும் இருக்கின்றனவா என்பதும் சேர்ந்தன. கொரோனா காலத்து மொபைல் பணப் பழக்கத்தைப் பற்றிப் பல நாடுகளில் எழுதப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் இந்தச் சட்டகத்தின் மேல்தான் நோய்ப் பயத்தையும் ஏமாற்றப்படும் பயத்தையும் ஏற்றிப் பார்த்தன. நம் ஊரைப் பொறுத்தவரை சுற்றியிருப்பவர்களின் தாக்கமும் உதவிக்கு ஆள் இருப்பதும்தான் எடை கூடியவை. பயனும் சுலபமும் ஆப்பிலேயே இருந்தன. கற்றுக்கொடுக்க ஆள் 2020இல்தான் வீட்டுக்கு வந்தார்.

கல்லாவுக்கு அந்தப் பக்கம்

கடைக்காரர் ஏன் ஏற்றார்? முதல் காரணம் காசு. கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்கு வாடகையும் கமிஷனும் உண்டு. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கு வியாபாரியிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு ஆக்கியது. ஊரடங்கு வருவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்னால் வந்த இந்த மாற்றம், ஐந்து ரூபாய் கடலைமிட்டாய் விற்பவரையும் உள்ளே கொண்டுவந்தது. கென்யாவிலும் இதையே பார்க்கலாம். 2020 மார்ச்சில் அங்கே சஃபாரிகாம் நிறுவனம், தன் எம்-பெசா சேவையில் 1,000 ஷில்லிங் வரை அனுப்பக் கட்டணம் இல்லை என்று 90 நாளுக்கு அறிவித்தது. நோயைக் காட்டி விளம்பரம் செய்ததோடு நிற்காமல் செலவையும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது காரணம் சில்லறை. 47 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறவரிடம் எந்தக் கடைக்காரர்தான் முகம் சுளிக்க மாட்டார்? மூன்று ரூபாய்க்குப் பதில் சாக்லேட் கொடுப்பது தலைமுறையாக நடந்துவந்த சிறு மனக்கசப்பு. போனில் 47 என்றால் 47. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரே நேரத்தில் தொந்தரவு தீர்ந்த இடம் இதுதான். பயம் போன பிறகும் ஜிபே தங்கியதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, பற்று. பற்று நோட்டு இல்லாத பலசரக்குக் கடை இந்தப் பக்கம் அபூர்வம். ஊரடங்கில் வேலை நின்று பற்று ஏறியபோது, வெளியூரில் இருந்த பிள்ளைகள் நேரடியாக அண்ணாச்சி நம்பருக்கே பணம் போட்டார்கள். “அப்பா பேர்ல வரவு வச்சுக்கோங்க” என்று ஒரு குரல் பதிவு. வயதான பெற்றோர் போனைத் தொடவே வேண்டியதில்லை. அரிசியும் பருப்பும் வீடு வந்து சேரும். இது எந்த நிறுவனமும் திட்டமிட்டுக் கொடுத்த வசதி கிடையாது. பற்றும் நம்பிக்கையும் ஏற்கெனவே இருந்தன, பணம் வர ஒரு வழி புதிதாகக் கிடைத்தது.

தொடக்கத்தில் கடைக்காரருக்கு நிம்மதி இல்லை. திரையில் பச்சை டிக்கைக் காட்டிவிட்டு வாடிக்கையாளர் நடந்துவிடுவார், வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வர நேரமாகும். பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுகிறவர்களும் கிளம்பினார்கள். கூட்ட நேரத்தில் எடை போடுவதா, போனைப் பார்ப்பதா? இந்தக் குறையைத் தீர்த்தது கல்லா மேல் உட்கார்ந்த சிறிய ஒலிப்பெட்டி. “ஐம்பது ரூபாய் பெறப்பட்டது” என்று அது தமிழில் சொன்ன பிறகு கடைக்காரர் யார் திரையையும் எட்டிப் பார்ப்பதில்லை. இன்று நாட்டில் நடக்கும் யுபிஐ பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் கடைகளுக்குச் செலுத்துபவை. அதில் அந்தக் குரலுக்கும் பங்கு உண்டு.

பால்கோவாவும் பேண்டேஜும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். மறு வருஷமே கடைகளுக்குச் சோதனை. பால்கோவா வாங்குகிறவர்களில் பெரும்பங்கு ஆண்டாள் கோயிலுக்கு வருகிறவர்கள், சதுரகிரிக்குப் போகிறவர்கள், பஸ் நிற்கும் நேரத்தில் இறங்கி ஓடிவந்து கால் கிலோ கேட்கிறவர்கள். பஸ்ஸும் இல்லை, கோயிலும் இல்லை. 2020 செப்டம்பர் 1 அன்றுதான் பெரிய கோயில்கள் பக்தர்களுக்குத் திறந்தன. ஆடிப்பூரத் தேர் இரண்டு வருஷம் வீதியில் ஓடவில்லை.

பால் காத்திருக்காது. பாலைக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, கட்டை அடுப்பில் கிண்டி இறக்கிய பால்கோவா சில நாள்தான் தாங்கும். அப்போது கைகொடுத்தது போன் ஆர்டர். வெளியூர்க்காரர் வாட்ஸ்அப்பில் கேட்பார், கடையிலிருந்து க்யூஆர் படம் போகும், பணம் வந்ததும் பார்சல் கிளம்பும். முகம் தெரியாத ஊருக்குப் பொருளை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பது சின்னக் கடைகளால் ஆகாத காரியம். பணம் முன்கூட்டியே வந்துவிட்டதால் அது ஆனது. சாப்பிட்டுப் பார்த்து வாங்கிய ஞாபகத்தை நம்பி வாங்குகிறவர் பணம் போட்டார். இங்கும் ஆப் மேல் இருந்த நம்பிக்கையை விட, கடை மேல் இருந்த நம்பிக்கைதான் முந்தியது.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டியில் கதை வேறு மாதிரி. நாட்டின் ஆஸ்பத்திரிகளுக்குக் காயத்துணியும் பேண்டேஜும் நெய்யும் ஊர்களில் முக்கியமானது அது. சமுசிகாபுரம், அய்யங்கொல்லங்கொண்டான் வரை விசைத்தறிச் சத்தம் கேட்கும். உலகமே மருத்துவத் துணி தேடிய காலத்தில் அதை நெய்த கைகளுக்கு வாரக் கூலி பெரும்பாலும் நோட்டாகத்தான் வந்தது. வாரக் கடைசியில் கூலி, அன்றே குழுக் கடன் தவணை, பற்று அடைப்பு, மிச்சத்தில் கறி. கையில் வந்த பணம் வங்கியைப் பார்க்காமலே தீர்ந்துவிடும். கணக்கில் பணமே தங்காதவருக்கு ஜிபே எதற்கு? கொரோனா பயம் இவர்களுக்கும் இருந்தது. பணம் வரும் வழி மாறாததால் செலவழிக்கும் வழியும் மாறவில்லை.

தளவாய்புரத்தில், செட்டியார்பட்டியில் வீட்டிலிருந்தே நைட்டி தைக்கும் பெண்களும் அப்படித்தான். துண்டுக் கணக்கில் கூலி. முதலாளி வெளியூர் வியாபாரியிடமிருந்து போனில் பணம் வாங்குவார். தையல்காரப் பெண்ணிடம் அது நோட்டாக மாறித்தான் சேரும். சில இடங்களில் கூலியும் ஜிபேயில் வரத் தொடங்கியது. வந்தது யார் போனுக்கு என்பதுதான் கேள்வி. கணவர் போனுக்கு வந்தால், நேற்று வரை முந்தானையில் முடிந்து வைத்திருந்த நூறு ரூபாய்கூட அவள் கையை விட்டுப் போய்விடும். இந்த இடத்தில் டிஜிட்டல் பணத்தைப் பாராட்ட என்னால் முடியவில்லை. சொந்த நம்பர், சொந்தக் கணக்கு, சொந்தப் போன் மூன்றும் இருக்கிற பெண்ணுக்கு அது விடுதலை. ஒன்று குறைந்தாலும் இழப்பு.

கல்யாண வீட்டு மொய்க்கும் போன் வந்தது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பம் திருமணப் பத்திரிகையிலேயே மொய்க்கான க்யூஆர் குறியீட்டை அச்சடித்து, நாடு முழுக்கச் செய்தியானது. மண்டபத்துக்கு ஆள் வர முடியாத காலம் அது. மொய் நோட்டில் பெயர் ஏறினால் போதும், பணம் எந்த வழியில் வந்தால் என்ன என்று நம் பக்கத்திலும் அதற்குப் பிறகு பழகிவிட்டது.

வெளியே நிற்பவர்கள்

தொற்று நீடித்த அந்த இரண்டு வருஷத்தில் அரசு கொடுத்த நிவாரணத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய். 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய். இரண்டும் ரேஷன் கடை வழியே நோட்டாகக் கையில் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு அட்டைக்கும் சென்று சேர அதைவிட நிச்சயமான வழி அன்று இல்லை. அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 92 பேருக்குத் தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உண்டு. தாங்களே பயன்படுத்தும் போன் இருப்பவர்கள் சுமார் 75 பேர். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் 47 பேர். கணக்குக்கும் இணையத்துக்கும் நடுவில் பாதிப் பேர் உதிர்ந்துவிடுகிறார்கள். 49 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. நீதி ஆயோக் 2018இல் முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் என்று தேர்ந்தெடுத்தவற்றில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: ராமநாதபுரம், ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிய விருதுநகர். அந்தத் திட்டத்தில் நிதிச் சேவை எல்லோரையும் சேர்வதும் ஓர் அளவுகோல். இந்த ஊர்களைப் பற்றிய கவலை என்னுடையது மட்டுமல்ல.

தொற்றுக் காலத்தில் ஏடிஎம் அட்டை இல்லாமல் யுபிஐ பின் நம்பர் போட வழியில்லை. பாஸ்புக் மட்டும் வைத்திருந்த பாட்டிகள் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஆதார் ஓடிபி வழியே பின் நம்பர் போடலாம் என்ற வசதி 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. பட்டன் போனிலேயே பணம் அனுப்பும் 123பே சேவையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 8 அன்று தொடங்கியது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். பெருந்தொற்று முடியும் தறுவாயில் வந்தன. வந்த பிறகும் அப்படி ஒன்று இருப்பதை அந்தப் பாட்டிகளிடம் உட்கார்ந்து சொன்னவர்கள் குறைவு.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் தானாக உள்ளே வந்தவர்களுக்கு வேறொரு ஆபத்து. “உங்களுக்குப் பணம் வந்திருக்கு, வாங்கிக்க பின் நம்பர் போடுங்க” என்று போன் வரும். போட்டால் பணம் போகும். பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. இந்த ஒரு விஷயத்தை மகள் சொல்லிக் கொடுத்த வீட்டில் அம்மா போனை வைத்துவிடுவார். யாரும் சொல்லாத வீட்டில் மாதச் சேமிப்பு ஒரு நிமிஷத்தில் போய்விடும். ஒருமுறை அப்படிப் பறிகொடுத்த குடும்பம் மறுபடி ஜிபே பக்கம் வராது. அக்கம்பக்கத்தில் பத்து வீட்டையும் வரவிடாது. நல்ல அனுபவம் தெருவில் எப்படிப் பரவுமோ, கெட்ட அனுபவமும் அதே ஆட்கள் வழியாகத்தான் பரவும். பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. இந்த எண் க்யூஆர் அட்டைகளிலேயே பெரிதாக அச்சாகியிருக்க வேண்டும்.

மகளோ மகனோ பக்கத்தில் இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் யாராவது வந்து உட்கார வேண்டும். பென்ஷன் நாளில் வங்கிக்கு வரும் முதியவர்கள், வாரக் கூலி வாங்கிய கையோடு குழுக் கூட்டத்துக்கு வரும் சத்திரப்பட்டிப் பெண்கள், தளவாய்புரத்துத் தையல்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஓர் இடத்தில் கூடுகிறவர்கள்தான். அங்கே ஒரு மேசை போட்டு, வேலையில்லாமல் இருக்கும் உள்ளூர்ப் பட்டதாரிப் பெண் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்தால் போதும். வங்கியில் இருக்கும் நம்பரைச் சரிபார்ப்பது, சொந்தப் பெயரில் சிம் இருக்கிறதா என்று பார்ப்பது, ஆதார் வழியே பின் நம்பர் போட உதவுவது, ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கச் சொல்வது, பணம் வாங்கப் பின் நம்பர் கேட்டால் திருட்டு என்று சொல்லி அனுப்புவது. ஓர் ஆளுக்கு அரை மணி நேரம் ஆகும். சம்பளக் கணக்குக்காக ஆலை வாசலில் மேசை போட்டு ஆள் பிடிக்கிற வங்கிகள், இந்த மேசையையும் போடலாம்.